வெள்ளையணுவும் வைரஸும்: பாதியில் நின்ற ஒரு பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அருகில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ பாடத்தில் புற்றுநோய்ப் பகுதி வந்தது. புகையிலை, கதிர்வீச்சு, வேதிப்பொருள்கள் என்று காரணிகளைச் சொல்லிவிட்டுக் கடைசியாக, “சில வைரஸ்களும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று ஒன்று உண்டு. எச்சில் வழியாகப் பரவும். லிம்ஃபோமா என்ற புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு” என்றேன். மணி அடித்தது. நானும் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதிய உணவு நேரத்தில் ஒரு மாணவி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். அவளுடைய தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. சென்னையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். வழக்கமாக அவளோடு சேர்ந்து உட்காரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீங்கதானே மிஸ் சொன்னீங்க, எச்சில்ல பரவும்னு. அவ தம்பிக்கு அந்தக் கேன்சர்தானே? அவ டம்ளர்ல தண்ணி குடிச்சா எங்களுக்கும் வந்துடும்ல?”

நான் வகுப்பில் சொன்ன நான்கு வாக்கியங்களில் எதுவும் தவறில்லை. ஆனால் அவை பாதிப் பாடம். மறுபாதி, ஆய்வகத் தட்டில் வெள்ளையணுக்களை வைத்துச் செய்யப்பட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. அதைப் படித்துத் தெரிந்துகொண்டு மறுநாள் வகுப்பில் நடத்தினேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பனிமூட்டத்தில் வந்த பார்சல்

1950-களின் இறுதியில் உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி எழுதினார். 1961-இல் லண்டனில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆந்தனி எப்ஸ்டீன். இதற்கு ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்துத் தேடினார். மூன்று ஆண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை.

1963 டிசம்பரில் ஒரு பார்சல் வந்தது. பனிமூட்டத்தால் விமானம் லண்டனில் இறங்க முடியாமல் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, பார்சல் தாமதமாகக் கைக்கு வந்தது. குப்பியில் இருந்த திரவம் கலங்கிப்போயிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டிவிடத்தான் யாருக்கும் தோன்றும். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பாக்டீரியா இல்லை, கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் உயிரோடு தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. அந்தச் செல்களை அவரும் ஈவான் பாரும் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்தார்கள். 1964-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றுக்குள் ஹெர்பிஸ் வகை வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், பார் ஆகிய மூவரின் கட்டுரை அந்த ஆண்டு மார்ச்சில் ‘லான்செட்’ இதழில் வந்தது. அதனால்தான் அது எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈபிவி.

ஹெர்பிஸ் என்ற சொல்லைக் கேட்டால் உயர் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுண்டு. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸும் அதே குடும்பம்தான் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். சின்னம்மை ஆறிய பிறகும் அந்த வைரஸ் நரம்புச் செல்களில் ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிவருகிறது. ‘உள்ளே வந்தால் போகாது, ஒளிந்திருக்கும்’ என்பது இந்தக் குடும்பத்தின் பொதுக்குணம். ஈபிவி ஒளிந்திருக்கும் இடம் நம் இரத்தத்தில் உள்ள பி லிம்போசைட்டுகள், அதாவது எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளையணுக்கள்.

வளர்ந்தது யாருடைய செல்?

புற்றுக்கட்டிக்குள் வைரஸ் இருந்தால் மட்டும் போதுமா? கட்டி வந்த பிறகு வைரஸ் அங்கே குடியேறியிருக்கலாமே? வைரஸ் ஒரு நல்ல செல்லை மாற்றுகிறது என்று எப்படி நிரூபிப்பது?

1967-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியரும் அவர்களுடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வைரஸ் உள்ள பர்கிட் கட்டிச் செல்களுக்கு, இனிப் பிரிய முடியாத அளவுக்கு எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். அவற்றோடு நலமான குழந்தைகளின் வெள்ளையணுக்களைச் சேர்த்து வளர்த்தார்கள். சில வாரங்களில் செல்கள் பெருகத் தொடங்கின. பெருகுவது கதிரில் தப்பிய பழைய கட்டிச் செல்லா, குழந்தையின் வெள்ளையணுவா? கட்டிச் செல்கள் ஓர் ஆண் குழந்தையிடமிருந்து வந்தவை. வெள்ளையணுக்கள் பெண் குழந்தைகளுடையவை. பெருகிய செல்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். அவை பெண்ணுடையவை. எக்ஸ், ஒய் குரோமோசோம் பாடம் நடத்தும்போது இந்தச் சோதனையைப் புதிராகக் கொடுத்துப் பாருங்கள். விடையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜான் போப்பும் குழுவினரும், வைரஸ் உள்ள செல்கள் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, செல்லே இல்லாத வடிநீரை மட்டும் வெள்ளையணுக்களில் சேர்த்தார்கள். அப்போதும் அவை பெருகின. கட்டிச் செல் தேவையில்லை, வைரஸே போதும் என்பது தெளிவானது.

இப்படி ஒரு செல் தன் இயல்பை மாற்றிக்கொண்டு ஓயாமல் பிரியத் தொடங்குவதை உருமாற்றம் என்கிறார்கள். மேல்நிலை வகுப்பில் கிரிஃபித் பாக்டீரியாக்களை வைத்துச் செய்த சோதனைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். இரண்டும் வேறு என்பதை அந்த மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு பட்டன்கள்

ஆய்வகத் தட்டில் பி செல்லைத் தனியாக விட்டால் சில நாள்களில் இறந்துவிடும். உடலுக்குள்ளும் அது தானாகப் பெருகுவதில்லை. முதலில், தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் அதற்குரிய ஆன்டிஜென் வந்து ஒட்ட வேண்டும். அடுத்து, உதவி செய்யும் டி செல் வந்து ‘சரி, பெருகலாம்’ என்று இன்னொரு சைகை தர வேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் பி செல் பெருகி எதிர்ப்பொருள் உருவாக்கும்.

இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது சிப்காட்டே கைகொடுத்தது. தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை நசுங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. வகுப்பில் கேட்டதும் ஒரு மாணவன் எழுந்து, “எங்கப்பா பிரஸ் ஷாப்புலதான் மிஸ். ஒரு பட்டனைக் கட்டி வெச்சிட்டு ஓட்டுனா ஆபத்துன்னு சொல்லுவாரு” என்றான். ஈபிவி செய்வதும் அதைத்தான், இரண்டு பட்டன்களையும் கட்டிவைத்துவிடுகிறது.

வைரஸ் பி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி21 என்ற புரதத்தைப் பிடித்து உள்ளே நுழைகிறது. ஏறத்தாழ 1,72,000 இணைக் காரங்கள் கொண்ட அதன் டிஎன்ஏ, செல்லின் உட்கருவுக்குள் சென்று வளையமாகிறது. பிறகு சில புரதங்களை மட்டும் உருவாக்குகிறது. அவற்றில் ஈபிஎன்ஏ-2 முதன்மை சுவிட்ச் போன்றது. செல் பெருக்கத்துக்கான ஜீன்களை முடுக்கிவிடுகிறது. எல்எம்பி-2ஏ, ஆன்டிஜென் ஒட்டாமலே ஒட்டியது போன்ற சைகையைத் தருகிறது. எல்எம்பி-1, டி செல் வராமலே வந்தது போன்ற சைகையைத் தருகிறது. ஈபிஎன்ஏ-1 வைரஸின் டிஎன்ஏ வளையத்தைக் குரோமோசோமோடு பிணைத்துவைக்கிறது. அதனால் செல் பிரியும்போது சேய்ச் செல்களுக்கும் வைரஸ் போய்ச் சேருகிறது.

மூன்று நான்கு நாள்களில் செல் பிரியத் தொடங்கும். ஓரிரு வாரங்களில் தட்டில் சிறு கொத்துகள் தெரியும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தொடர்ந்து வளரும் செல் வரிசை ஒன்று கிடைத்துவிடும். இதில் வைரஸ் செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருவதில்லை. செல்லை வாழவைத்து, அதோடு தானும் வாழ்கிறது. வைரஸ் என்றாலே செல்லைக் கொல்லும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது ஒரு திருத்தம்.

தட்டில் இல்லாத காவலர்

இப்போது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். தட்டில் இவ்வளவு வேகமாகப் பெருகினால் நம் உடலில் என்ன ஆகும்?

உலகில் வளர்ந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்களின் உடலில் ஈபிவி இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே, வீட்டில் எச்சில்பட்ட தம்ளர், கரண்டி, முத்தம் வழியாக வந்துவிடுகிறது. அந்த வயதில் வந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. இளம்பருவத்தில் முதன்முறை வந்தால் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல் என்று சில வாரங்கள் படுத்தலாம். பிறகு அடங்கிவிடும். நலமாக இருக்கும் ஒருவரின் 10 லட்சம் பி செல்களில் 1 முதல் 50 செல்களில் மட்டும் அது ஒளிந்திருக்கிறது.

அடக்கிவைப்பது யார்? இதற்கான சான்றும் தட்டிலேயே கிடைத்தது. 1978-இல் டெனிஸ் மாஸ், ஆலன் ரிக்கின்சன், ஜான் போப் ஆகியோர், ஏற்கெனவே ஈபிவி தொற்று வந்துபோனவர்களின் வெள்ளையணுக்களில் வைரஸைச் சேர்த்தார்கள். செல்கள் முதலில் பெருகின. பிறகு கொத்துகள் கரைந்து மறைந்தன. தொற்றே வராதவர்களின் இரத்தத்தில் அப்படி மறையவில்லை. காரணம், வந்துபோனவர்களின் இரத்தத்தில் அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் இருந்தன. வைரஸ் புரதங்களைக் காட்டும் பி செல்களை அவை தேடிக் கொன்றுவிட்டன.

அதனால்தான் இன்றும் வளர்ந்தவர்களின் இரத்தத்திலிருந்து செல் வரிசை உருவாக்கும்போது, டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைத் தட்டில் சேர்க்கிறார்கள். காவலரைத் தூங்கவைத்தால்தான் வைரஸின் வேலை நடக்கும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உட்கொள்ளும் மருந்துகளில் இதுவும் ஒன்று. அவர்களில் சிலருக்கு ஈபிவி உள்ள பி செல்கள் கட்டியாகப் பெருகுவது, தட்டில் கண்டது உடலில் நடப்பதுதான். 1990-களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மருத்துவர்கள், தட்டில் வளர்த்த பி செல்களைக் காட்டியே டி செல்களைப் பெருக்கி, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்குச் செலுத்தி, அத்தகைய பெருக்கத்தை அடக்கிக் காட்டினார்கள்.

நலமான உடலில் வைரஸ் மட்டும் புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. பர்கிட் கட்டிச் செல்லில் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி, செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற ஜீன் கட்டுப்பாடு இழந்திருக்கும். அந்நோய் அதிகமுள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் மலேரியாவும் கடுமையாக உள்ளது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் நிலை இதுதான். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வரும் அந்நோயில் பெரும்பாலானவற்றில் ஈபிவி காணப்படுகிறது. ஆனால் ஈபிவி உள்ள குழந்தைகளில் மிக மிகச் சிலருக்கே அந்நோய் வருகிறது. அது பிறருக்குத் தொற்றும் நோய் அல்ல. சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

தமிழர்களின் செல்கள்

இப்படி உருவாக்கிய செல் வரிசையால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒருவர் ஒருமுறை கொடுத்த சிறிதளவு இரத்தத்திலிருந்து, பல ஆண்டுகளுக்கு வேண்டிய டிஎன்ஏவை எடுத்துக்கொண்டே இருக்கலாம். உறையவைத்து, தேவைப்படும்போது மீண்டும் வளர்க்கலாம்.

உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைப் பதிவு செய்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ திட்டம் 2015-இல் தன் இறுதி முடிவுகளை வெளியிட்டது. 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் அதில் அடங்குவர். அவற்றுள் ஒரு குழு, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 102 பேர். அவர்களுடைய பி செல்களை ஈபிவி கொண்டு உருமாற்றி உருவாக்கிய செல் வரிசைகள், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரில் உள்ள கோரியல் நிறுவனத்தில் உள்ளன. உலகில் எந்த ஆய்வாளரும் விண்ணப்பித்துப் பெறலாம். கொடுத்தவர்களின் பெயரோ நோய் விவரமோ அதில் இல்லை. விளக்கம் கேட்டு, சம்மதித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். 1951-இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுச் செல்களை அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்த ஹீலா வரிசையோடு இதை ஒப்பிட்டு, ‘நம் உடலின் செல் யாருக்குச் சொந்தம்?’ என்று ஒரு விவாதம் நடத்தலாம். செல் வரிசைகளைப் பாதுகாத்து ஆய்வாளர்களுக்கு வழங்கும் பணியை நம் நாட்டில் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் செய்கிறது.

புளியங்கொட்டைச் சோதனை

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. இரத்தத்தைத் தொடவும் வேண்டாம். நூற்றைம்பது புளியங்கொட்டை, ஒரு சாக்பீஸ், இரண்டு சத்துணவுத் தட்டு போதும்.

1. எல்லாக் கொட்டைகளிலும் ஒரு பக்கத்தில் மட்டும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு மேலே தெரிந்தால் அது வைரஸ் புரதத்தைக் காட்டிப் பெருகும் செல். கவிழ்த்துவைத்தால் ஒளிந்திருக்கும் செல்; அது பெருகாது.

2. முதல் தட்டில் கோடு தெரிய ஒரு கொட்டையை வையுங்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் இரட்டிப்பாக்க வேண்டும். ஆறு தட்டலில் 64 ஆகும். பத்துத் தட்டலில் எத்தனை என்று கேளுங்கள்; 1,024 என்று பெருக்குத்தொடர் படித்தவர்கள் சொல்வார்கள்.

3. இரண்டாம் தட்டிலும் அப்படியே தொடங்குங்கள். மூன்றாவது தட்டலில் எட்டாகும்போது ஒன்றை மட்டும் கவிழ்த்துவிட்டு, ‘டி செல்’ மாணவரை அழையுங்கள். கோடு தெரியும் கொட்டைகளை அவர் எடுத்துவிடுவார். கவிழ்ந்த ஒன்று மட்டும் மிஞ்சும். நம் உடலின் நிலை இதுதான்.

4. இப்போது ‘டி செல்’ மாணவரின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டுங்கள். மிஞ்சிய கொட்டையை நிமிர்த்திவைத்துக் கைதட்டத் தொடங்குங்கள். என்ன நடக்கிறது, ஏன் என்று மாணவர்களையே சொல்லவிடுங்கள்.

எங்கள் வகுப்பில் இதை முடித்ததும், “இந்த வகுப்பில் எத்தனை பேரிடம் கவிழ்ந்த கொட்டை இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, தம்ளரைப் பற்றிக் கேட்ட அதே மாணவி, “எல்லார்கிட்டயும் இருக்கும் போல மிஸ். எங்கிட்டயும்” என்றாள். “என்னிடமும் இருக்கும்” என்றேன். அந்தத் தம்பியின் பெயரை வகுப்பில் நான் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொன்னேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். எனவே கவனமாக இருக்க வேண்டியது அவரைக் காப்பதற்காக. அவரிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்வதற்காக அல்ல. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதும், போகிறவர்கள் கை கழுவிவிட்டுப் போவதும்தான் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவி.

அன்று மதியம் அந்தப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் இடையில் போன அந்த இரண்டு நாள் போனதுதான். இப்போதெல்லாம் அந்தப் பகுதியைத் தொடங்கும் முன்பே கரும்பலகையின் ஓரத்தில் மூன்று வாக்கியங்களை எழுதிவிடுகிறேன்: ‘ஈபிவி நம்மில் பெரும்பாலோரிடம் உள்ளது. நம் டி செல்கள் அதை அடக்கிவைக்கின்றன. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.’ நடுவில் மணி அடித்தாலும், பிள்ளைகளின் நோட்டில் பாடம் பாதியோடு நிற்காது.